சோழமண்டலத்தில் பார்த்த அந்தச் சிறிய படத்தை வாங்கலாமா?

சென்னைக்கு வந்தபோது ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அருங்காட்சியகத்தில் இருந்த படங்களில் பாதி பிடித்திருந்தன, ஆனால் புரியவில்லை. விற்பனைக்கு மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் முன்னால் நீண்ட நேரம் நின்றுவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, வாங்காமலேயே ஊர் திரும்பிவிட்டீர்கள். அதிகம் பேர் அறியாத உள்ளூர் ஓவியருக்கு இந்த விலை நியாயமா, படம் அசல்தானா, பிற்காலத்தில் விலை ஏறுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் இருப்பது வேறொரு கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. படிப்போ பழக்கமோ இல்லாத ஒரு துறையில் என் கண்ணுக்குப் பிடித்துப்போனது என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் கொடுக்கலாமா என்பதுதான் அது. கொடுக்கலாம். என்ன தெரிந்துகொண்டு, யாரிடம் எதைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவான பதில் தேவைப்படுகிறது.

நான் ஓவியக் கல்லூரியில் பதிப்போவியம், அதாவது தகட்டில் உருவத்தை உண்டாக்கி மை தடவித் தாளில் பதித்து எடுக்கும் கலை, படித்தவன். அதன்பின் பல ஆண்டுகளாகச் சிறிய காட்சிக்கூடங்களுக்குப் படங்களைச் சட்டமிடுவது, பட்டியல் தயாரிப்பது, சுவரில் மாட்டுவது ஆகிய வேலைகளைச் செய்து வருகிறேன். ஆகவே தாள், மை, சட்டம், ஓவியர்கள் விலை வைக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். நீங்கள் அனுப்பிய கைபேசிப் படத்தை வைத்து அது அசலா நகலா என்று சொல்ல என்னால் முடியாது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். படத்தை நேரில், சாய்வான வெளிச்சத்தில், முன்னும் பின்னும் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. விலைக் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நீண்ட காலம் அது கைத்தொழில் பள்ளியாகவே இருந்தது. பிற்பாடு அதன் பொறுப்பை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர், அதை நுண்கலைப் பள்ளியாக மாற்றினார். 1957இல் அவருக்குப் பின் முதல்வரானவர் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். மிகத் திறமையான மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஓவியத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு வேலைக்குப் போய்விடுவதைப் பணிக்கர் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பாயிலும் டில்லியிலும் நவீன ஓவியத்துக்கு ஓரளவு சந்தை உருவாகியிருந்தது. சென்னையில் வீட்டுக்குப் படம் வாங்குவது என்றால் காலண்டரும் தஞ்சாவூர் ஓவியமும்தான். நவீன ஓவியத்தை வாங்க ஆள் கிடையாது.

அதற்குப் பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. மக்கள் ஓவியத்தை வாங்க மாட்டார்கள், ஆனால் அழகான துணியை வாங்குவார்கள். எனவே சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் 1966இல் கடலோரத்தில் சில ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கும் அந்தப் பகுதி அப்போது சவுக்குத் தோப்பும் மணலும்தான். அரசும் பெரிய செல்வந்தரும் அதைக் கட்டிக்கொடுக்கவில்லை. பகலில் சில மணி நேரம் கைவினை, மீதி நேரம் ஓவியமும் சிற்பமும் என்று வாழ்ந்து அவர்களே கட்டிக்கொண்டார்கள். இந்தியாவில் கலைஞர்கள் தாங்களே நடத்தும் குடியிருப்புகளில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தவை மிக அரிது. கைவேலை செய்து சம்பாதித்த சுதந்திரம் அது. அங்கே ஒரு படத்தின் கீழ் விலையைப் பார்க்கும்போது இந்தக் கதை நினைவில் இருக்கட்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், உங்கள் கேள்வியிலும் அது இருக்கிறது. சோழமண்டலமும் 'சென்னைக் கலை இயக்கம்' என்று சொல்லப்படுவதும் ஒன்றல்ல. இயக்கம் ஓவியக் கல்லூரியில் பிறந்தது. கிராமம் அதன் ஒரு கிளை. சிற்பி எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ், கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் போன்றவர்கள் இயக்கத்தின் தூண்கள். ஆனால் அவர்களைச் சோழமண்டலத்துக்காரர்கள் என்று சொல்வது சரியல்ல. கிராமத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் பணிக்கர், ஜெ. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், எஸ்.ஜி. வாசுதேவ், பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் முதலியோர். வி. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் இருவரும் பாரிஸில் குடியேறினார்கள். வாசுதேவ் பிற்பாடு பெங்களூருக்குப் போனார். 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இயக்கத்தைச் சேர்ந்த பலருடைய படைப்புகளும் ஒன்றாக இருப்பதால் இந்த வேறுபாடு பார்வையாளருக்குத் தெரியாமல் போகிறது. விற்பவர் ஒருவர் 'சோழமண்டலம் ஓவியர்' என்ற அடைமொழியைத் தாராளமாகப் பயன்படுத்தும்போது உங்களுக்கு இது உதவும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருப்பவை விற்பனைக்கு அல்ல. அதையொட்டிய காட்சி அறைகளை வெளியூர்க் கலைஞர்களும் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைப்பதுண்டு. எனவே அங்கே மாட்டியிருக்கிறது என்பதாலேயே அதைக் கிராமத்து மூத்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று பொருளில்லை. அதனால் படம் தாழ்ந்துவிடுவதும் இல்லை. நீங்கள் பார்த்தது யாருடைய கண்காட்சி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

'புரியவில்லை' என்று எழுதியிருப்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன். புரியவில்லை என்று சொல்லிவிட்டு விலகிப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல கண் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். இந்தச் சென்னை இயக்கத்து ஓவியர்களின் படங்களில் முதலில் கோட்டைப் பாருங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம், கருப்பொருளை அதற்கும் பிறகு. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே கையை எடுத்திருக்கிறார், ஓர் உருவத்தின் விளிம்பாக இருந்த கோடு எந்த இடத்தில் தானே அலங்காரமாக மாறுகிறது என்று விரலால் காற்றில் தொடர்ந்து பாருங்கள். காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களையோ, தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் அட்டைகளிலும் பக்கங்களிலும் அவர் வரைந்தவற்றையோ பார்த்திருந்தால் நான் சொல்வது உடனே விளங்கும். அங்கே கோடு ஓர் உடலின் எடையையே தாங்கி நிற்கிறது.

பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களின் முன்னால் நீங்கள் திகைத்து நின்றிருப்பீர்கள். மலையாள எழுத்தைப் போன்ற வரிகள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், எண்கள், சிறு சிறு உருவங்கள். பலரும் அருகே போய் வாசிக்க முயல்கிறார்கள். வாசிக்க வேண்டாம், வாசிப்பதற்காக அவர் அவற்றை எழுதவில்லை. பழைய சுவடியையோ பஞ்சாங்கத்தையோ, அதன் மொழி தெரியாமல், ஒரு பக்கம் என்ற அளவில் பார்க்கும்போது கண்ணில் படும் அடர்த்தியையும் தாளத்தையும்தான் அவர் ஓவியமாக்கினார். இரண்டடி பின்னால் வந்து, எந்த மூலை கனமாக இருக்கிறது, எங்கே மூச்சுவிட இடம் விட்டிருக்கிறார் என்று பார்த்தால் படம் திறந்துகொள்ளும்.

ராமானுஜத்தின் மைக்கோட்டுச் சித்திரங்களுக்கு நேர்மாறான பார்வை வேண்டும். அருகே போக வேண்டும். மயிரிழைக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அவர் எழுப்பிய மாளிகைகள், பாம்புகள், பறக்கும் உருவங்கள், அவற்றுக்கு நடுவே தொப்பி அணிந்த ஓர் ஆள். அந்த ஆள் அவரேதான். மனநோயோடு போராடிய அவர் 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அவருடைய படங்களை நோயின் அடையாளமாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அவ்வளவு கோடுகளை ஒன்றோடொன்று மோதாமல், ஒளி விழும் இடத்தைத் தவறவிடாமல் அடுக்க அசாத்தியமான கட்டுப்பாடு வேண்டும். பேனா பிடித்து வேலை செய்தவர்களுக்கு அது தெரியும்.

சிற்பங்களும் இதே வழியில்தான். பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்களையும் நந்தகோபாலின் செம்பு, பித்தளைச் சிற்பங்களையும் சுற்றிவந்து பார்ப்பதைவிட எதிரே நின்று பார்க்க வேண்டும். கோயில் மூர்த்திக்குச் சாத்தும் கவசத்தைத் தகட்டிலிருந்து தட்டி எடுப்பார்கள் அல்லவா, அந்த மரபிலிருந்து ஜானகிராம் தொடங்கினார். தகட்டின் மேல் கம்பியைப் பற்றவைக்கும்போது அந்தக் கம்பியே கோடாகிவிடுகிறது. ஓவியமும் சிற்பமும் இவர்களிடம் இவ்வளவு நெருங்கியிருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. கோயில் சிற்பம், கோலம், சுவடி எழுத்து ஆகியவற்றின் தொடர்ச்சி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஐரோப்பிய நவீனத்தைப் பார்த்த பிறகு, நமக்கென்று ஒரு முகம் வேண்டும் என்று திட்டமிட்டுத் தேடி எடுத்துக்கொண்டது என்று மற்றொரு சாரார். பணிக்கர் 1954இல் ஐரோப்பா சென்று வந்தார், அவருடைய முந்தைய படங்களில் வான்கோவின் சாயல் தெளிவாகத் தெரிகிறது என்பதெல்லாம் மறுக்க முடியாதவை. இரண்டாவது கருத்தே உண்மைக்கு அருகில் இருப்பதாக எனக்குப் படுகிறது. மரபு அவர்களுக்குத் தானாக வந்து சேரவில்லை, தேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். இது என் அபிப்பிராயம்தான். நிரூபிக்கப்பட்ட செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி விலை. ஓர் ஓவியர் பெரும்பாலும் படத்தின் அளவு, ஊடகம், தம் முந்தைய விற்பனை ஆகிய மூன்றையும் வைத்து விலை சொல்கிறார். அதிலிருந்து காட்சிக்கூடத்தின் பங்கு போகும். பொதுவாக அது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இருக்கும். கலைஞர்களே நடத்தும் இடங்களில் குறைவு. சட்டம், கண்ணாடி, தாள், வண்ணம் எல்லாம் ஓவியரின் செலவு. விற்காமல் திரும்பும் படங்களின் செலவும் அவருடையதே. இதையெல்லாம் கழித்தால், உங்களுக்கு அதிகமாகத் தெரிந்த தொகையில் அவர் கைக்குப் போவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை நியாயமா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே ஓவியரின் அதே அளவுப் படங்கள் இரண்டு மூன்றின் விலையைக் கேளுங்கள். ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அவர் யோசித்து வைத்த விலை. ஆளைப் பார்த்து விலை மாறினால் ஒதுங்கிவிடுங்கள். பாதி விலைக்குப் பேரம் பேசாதீர்கள். தவணையில் தரலாமா என்று கேட்கலாம், பல ஓவியர்கள் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

நீங்கள் பார்த்தது கறுப்பு வெள்ளைப் படம் என்பதால், அது மையால் நேரடியாக வரைந்ததா, பதிப்போவியமா, இயந்திர அச்சா என்பதுதான் முதல் கேள்வி. இங்கே நான் தயங்காமல் பேசலாம். எட்சிங் போன்ற உலோகத் தகட்டுப் பதிப்பாக இருந்தால், அழுத்தத்தால் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும்; படத்தைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். கீழே பென்சிலால் 3/25 என்பதுபோல எழுதியிருந்தால் இருபத்தைந்து பிரதிகளில் இது மூன்றாவது என்று பொருள். ஏ/பி என்றிருந்தால் ஓவியர் தமக்கென வைத்துக்கொண்ட பிரதி. ஒரே தகட்டில் இருபத்தைந்து எடுத்தாலும் ஒவ்வொன்றும் கையால் மை தடவித் துடைத்து எடுக்கப்பட்டது. அவை எல்லாமே அசல்தான். ஓவியத்தைவிட விலை குறைவாக இருப்பதால் முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பதிப்போவியத்தைத்தான். இன்க்ஜெட்டிலோ ஆஃப்செட்டிலோ அடித்ததை ஒரு சிறு உருப்பெருக்கியில் பார்த்தால் கோடு புள்ளிகளாகச் சிதறும். கேன்வாஸில் இயந்திரத்தில் அச்சடித்து, மேலே இரண்டு மூன்று இடங்களில் தூரிகையால் வண்ணம் வைத்து அசலாக விற்பதும் நடக்கிறது. அதற்கு உருப்பெருக்கியை வண்ணம் மேடாக இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள். இயந்திர அச்சு விற்பதில் தவறில்லை. அச்சு என்று சொல்லி, அச்சுக்குரிய விலையில் விற்க வேண்டும்.

உயிரோடு இருக்கும் ஓவியரிடமோ அவருடைய படங்களை நேரடியாகப் பெறும் காட்சிக்கூடத்திடமோ வாங்கினால் போலி பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஓவியரின் பெயர், படத்தின் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, தொகை எல்லாம் எழுதிய ரசீதைக் கேளுங்கள். முடிந்தால் படத்தின் சிறு புகைப்படத்தையும் அதில் ஒட்டி ஓவியரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மறைந்த பெரியவர்களின் பெயரில் 'வீட்டில் கிடந்தது, குறைந்த விலைக்குத் தருகிறோம்' என்று யாராவது பணிக்கரையோ ராமானுஜத்தையோ நீட்டினால் நிலைமை வேறு. அந்தப் படம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காகிதத்தில் காட்ட முடியாவிட்டால் என் ஆலோசனை ஒன்றே: வாங்காதீர்கள். கையெழுத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. போலி செய்பவர் முதலில் பழகுவது அதைத்தான்.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு என்னால் நல்ல செய்தி தர முடியாது. ஏலத்தில் பெரிய தொகைக்குப் போகிற பெயர்கள் மிகச் சில. உயிரோடு இருக்கும் பெரும்பாலான ஓவியர்களின் படங்கள் ஒருமுறை விற்றபின் மறுபடி விற்பனைக்கு வருவதே இல்லை; வாங்கியவர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றன. யாருடைய விலை எப்போது ஏறும் என்று சொல்லக்கூடியவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. சேமிப்பாக நினைத்து வாங்குவதானால் வேண்டாம். தினமும் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தால் வாங்குங்கள். இன்னொரு செய்தி: படத்தை வாங்குவதால் அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. நம் சட்டப்படி அது ஓவியரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். சுவரில் மாட்டலாம், பரிசளிக்கலாம், விற்கலாம். காலண்டராகவோ புத்தக அட்டையாகவோ அச்சிட அனுமதி கேட்க வேண்டும்.

வாங்கிவிட்டால் பராமரிப்பு முக்கியம். தாளில் உள்ள படத்துக்கு நேர்வெயிலும் ஈரமும்தான் எதிரிகள். சட்டமிடுபவரிடம் படத்தைச் சுற்றி அமிலமில்லாத மவுண்ட் அட்டையை வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடி தாளைத் தொடக் கூடாது என்றும் சொல்லுங்கள். வழக்கமாக அவர்கள் பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டு நேரடியாகத் தாளில் பட்டால் சில ஆண்டுகளில் பழுப்பு ஏறும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோட்டம் இருக்கும். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் இறங்காது. அடுத்தமுறை செம்புத் தகட்டில் செய்த சிறு புடைப்புச் சிற்பம் ஏதாவது வாங்கினால், பூஜைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கருமையும் பச்சையும் பல நேரங்களில் சிற்பி வேண்டுமென்றே வரவழைத்தவை. உலர்ந்த மென்மையான துணியால் தூசி தட்டினால் போதும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. உங்களிடம் இருக்கும் கைபேசிப் படத்தை அனுப்பி, ஓவியர் யார், கையால் வரைந்ததா பதிப்பா, பதிப்பு என்றால் மொத்தம் எத்தனை பிரதிகள், இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிப்போவியமாக இருந்து அந்தப் பிரதி விற்றுப்போயிருந்தால் ஓவியரிடம் வேறு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். தாளைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் அதற்கேற்ப இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.